இணையம் போன பிறகும் கையேடு

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. எச்சரிக்கை பல நாள் முன்னதாகவே வந்துவிட்டது. மெழுகுவத்தி, ரொட்டி, தண்ணீர் கேன், பவர் பேங்க் என்று வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் வாங்கி வைத்தேன். அந்த வாரம் ஒரு டேட்டாபேஸைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றும் வேலை கையில் இருந்தது. அதற்குத் தேவைப்படும் பக்கங்களை அன்று மாலையே தேடி எடுத்து, பிரவுசரில் முப்பது டேப்களாகத் திறந்து வைத்துக்கொண்டேன்.

இரவு கரன்ட் போனது. விடிவதற்குள் லேப்டாப் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. மறுநாள் பக்கத்துத் தெருவில் இன்வெர்ட்டர் உள்ள ஒரு வீட்டில் சார்ஜ் ஏற்றித் திறந்தால், பிரவுசர் முப்பது டேப்களையும் மறுபடி இணையத்திலிருந்து எடுக்கப் பார்த்தது. டவர் இல்லை. முப்பதிலும் ஒரே செய்தி: இணைய இணைப்பு இல்லை. வேலை இரண்டு நாள் அப்படியே நின்றது. முந்தின நாள் மாலை ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்த டேட்டாபேஸின் முழுக் கையேட்டையும் இறக்கியிருக்கலாம். அதை ஒரே கோப்பாகத் தருகிறார்கள் என்பதை நான் தெரிந்துவைத்திருக்கவில்லை.

நம் கடற்கரைக்கு இது புதிதல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா. 2022இல் மாண்டஸ். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம். அது கரை கடந்தது ஆந்திரத்தில் பாபட்லா அருகே என்றாலும், 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் சென்னையும் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியும் மூழ்கிக் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கடந்தது. ஐப்பசி பிறந்து மார்கழி முடியும் வரைக்கும் இந்தப் பக்கத்தில் இணையம் என்பது வந்து போகும் விருந்தாளி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புயல் இல்லாத நாளிலும் தேவை உண்டு. செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் மடியில் லேப்டாப்பை வைத்துப் படிக்கும் மாணவர்களைத் தினமும் பார்க்கிறேன். பரனூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே சிக்னல் எங்கே விழும், எங்கே எழும் என்று அவர்களுக்கு மனப்பாடம். கல்லூரி லேப்களில் தேர்வு நேரத்தில் இணையத்தைத் துண்டித்துவிடுகிறார்கள். இன்னும் சில பணியிடங்களில் இணையம் இருக்கவே கூடாது. 2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீங்கு நிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது நினைவிருக்கலாம். நிலையத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகள் வெளி இணையத்தோடு இணைக்கப்படாதவை என்பதையும் அப்போது சொன்னார்கள். அப்படிப்பட்ட மூடிய வலையில் வேலைபார்ப்பவருக்குக் கையேடு உள்ளே இருந்தால்தான் உண்டு. அங்கே அனுமதி வாங்காமல் பென்டிரைவ் செருகாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எது முழுமை

ஆஃப்லைனில் வைத்திருக்கிறேன் என்பவர்களில் பலர் வைத்திருப்பது கன்ட்ரோல்-எஸ் அழுத்திச் சேமித்த ஒற்றைப் பக்கம். அது பெரும்பாலும் பொருளடக்கப் பக்கமாக இருக்கும். அதிலுள்ள எந்த இணைப்பைத் தொட்டாலும் மறுபடி இணையத்துக்கே போகும். வீட்டின் முகவரிச் சீட்டை வைத்துக்கொண்டு வீடே கையில் இருக்கிறது என்று நம்புவது போல இது.

ஒரு மென்பொருளின் ஆவணம் முழுதாக இருக்கிறது என்று சொல்ல, அதில் பாடமும் வேண்டும், அகராதி போன்ற குறிப்புப் பகுதியும் வேண்டும், நிறுவும் முறை வேண்டும், பிழைச் செய்திகளின் விளக்கம் வேண்டும், இந்தப் பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்பு வேண்டும். கடைசி இரண்டையும் மக்கள் விட்டுவிடுகிறார்கள். கரன்ட் இல்லாத இரவில் முதலில் தேடப்போவது அவற்றைத்தான். படங்களும் கூடவே வந்தனவா என்று பாருங்கள். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளின் கையேட்டில் படம் இல்லையென்றால் பாதிக் கையேடு இல்லை. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் கல்லோடு கணினியையும் பழகும் மாணவர் யாரேனும் இதைப் படித்தால்: பிளெண்டரின் முழுக் கையேட்டை வலைப்பக்கங்களின் ஜிப்பாகவும் இ-பப் நூலாகவும் அவர்களே தருகிறார்கள். படங்களோடு வருவதால் கனமாக இருக்கும். நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

பதிப்பு எண்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு மாணவி பைதானின் புதிய கையேட்டை இறக்கிப் படித்து, அதிலுள்ள 'மேட்ச்' என்ற கூற்றை வைத்து அழகாக ஒரு நிரல் எழுதினாள். லேப் கணினியில் ஓட்டினால் முதல் வரியிலேயே இலக்கணப் பிழை. மூன்று மணி நேரம் எழுத்துப் பிழையைத் தேடியிருக்கிறாள். எழுத்தில் பிழையே இல்லை. மேட்ச் 2021 அக்டோபரில் வெளியான 3.10 பதிப்பில்தான் வந்தது; லேப் கணினியில் இருந்தது 3.8. எதிர்த்திசையிலும் இது நடக்கும். பழைய புத்தகம் சொல்கிறதே என்று 'டிஸ்ட்யூட்டில்ஸ்' தொகுதியை அழைத்தால், 2023 அக்டோபரில் வந்த 3.12இலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது என்பது அப்போதுதான் தெரியும்.

இணையம் இருக்கும்போது இந்தச் சிக்கல் பெரிதாக உறைக்காது. ஒரு தேடலில் விடை வந்துவிடும். இணையம் இல்லாதபோது கையில் உள்ள கையேடுதான் சாட்சி. அந்தச் சாட்சி வேறு பதிப்பைப் பற்றிப் பேசினால் நாம் நம்மையே சந்தேகப்படத் தொடங்குவோம். ஆகவே இறக்குவதற்கு முன், வேலை செய்யப்போகும் கணினியில் அந்த மென்பொருளின் பதிப்பு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப்பில் ஒன்றும் கல்லூரியில் வேறொன்றும் இருந்தால் இரண்டு கையேடுகளையும் இறக்குங்கள். கோப்புறையின் பெயரிலேயே மென்பொருளின் பெயர், பதிப்பு எண், இறக்கிய தேதி மூன்றையும் எழுதுங்கள். 'புதியது', 'ஃபைனல்' என்று பெயர் வைக்காதீர்கள்.

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்

எதையும் இறக்குவதற்கு முன், ஏற்கெனவே கணினிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பலரிடம் பாதி ஆவணம் அவர்களுக்கே தெரியாமல் கிடக்கிறது.

லினக்ஸில் 'மேன்' கட்டளை எல்லோருக்கும் தெரியும். 'அப்ரபோஸ்' அவ்வளவு பேருக்குத் தெரியாது. கட்டளையின் பெயர் மறந்து, அது செய்யும் வேலை மட்டும் நினைவில் இருக்கும்போது ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும், பொருத்தமான மேன் பக்கங்களை அது பட்டியலிடும். கிட் பயன்படுத்துபவர்கள் கிட்டிடமே உதவி கேட்கலாம். விண்டோஸில் நிறுவிய கிட் அதன் பக்கங்களைக் கணினியிலிருந்தே பிரவுசரில் திறக்கும். பெர்லுக்கு 'பெர்ல்டாக்' இருக்கிறது, ரூபிக்கு 'ரி'. ஆர் மொழியில் நிறுவிய ஒவ்வொரு தொகுப்போடும் அதன் உதவிப் பக்கமும் சேர்ந்தே வருகிறது. ரஸ்ட் கற்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: வழக்கமான முறையில் நிறுவினாலே மொழி நூல் உட்பட மொத்த ஆவணமும் வந்துவிடும், 'ரஸ்டப் டாக்' என்றால் பிரவுசரில் திறந்துகொள்ளும். நீங்கள் எடுத்துப் பயன்படுத்தும் வெளித் தொகுப்புகளுக்கும் 'கார்கோ டாக்' அதே மாதிரி பக்கங்களைக் கட்டித் தரும். ஒரு மொழியை உருவாக்குகிறவர்கள் கற்பவர் மேல் எவ்வளவு அக்கறை வைத்திருக்கிறார்கள் என்பதை இதை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

பைதானில் 'பைடாக்' என்ற தொகுதி இருக்கிறது. அதை பிரவுசர் வசதியோடு ஓட்டினால், உங்கள் கணினியில் நிறுவியுள்ள எல்லா நூலகங்களின் விளக்கத்தையும் வலைப்பக்கமாகக் காட்டும். அது நிரலுக்குள் எழுதியிருக்கும் குறிப்புகளைத்தான் காட்டும், பாடம் இருக்காது. ஆனால் பதிப்பு மாறிப்போக வழியே இல்லை, ஓடும் நிரலிலிருந்தே எடுக்கிறதே. விண்டோஸில் பைதானை வழக்கமான நிறுவியால் நிறுவும்போது 'டாக்குமென்டேஷன்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் முழுக் கையேடும் உள்ளே வந்துவிடும். அவசரத்தில் அந்த டிக்கை எடுத்துவிடாதீர்கள்.

டெபியன், உபுண்டு, நம் சி-டாக் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரு பொது வழக்கம் உண்டு. பெரிய மென்பொருள்களின் ஆவணத்தை 'டாக்' என்று முடியும் தனித் தொகுப்பாகப் பிரித்து வைத்திருப்பார்கள். போஸ்ட்கிரெஸ்குவெல் நிறுவினால் போஸ்ட்கிரெஸ்குவெல்-டாக், பைதான் நிறுவினால் பைதான்3-டாக் என்று இரண்டையும் சேர்த்தே நிறுவுங்கள். கணினியின் பதிப்புக்கு ஏற்ற ஆவணமே வரும், முன் பகுதியில் சொன்ன சிக்கல் தானாகவே தீரும். இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஜிசிசி கம்பைலரின் கையேடு டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் கிடைக்காது. 'நான்-ஃப்ரீ' பகுதியில் இருக்கும். க்னூ ஆவண உரிமத்தில் மாற்றக்கூடாத பகுதிகள் என்று ஒரு விதி இருப்பதை டெபியன்காரர்கள் ஏற்கவில்லை என்பதே காரணம். அந்தப் பகுதியைக் களஞ்சியப் பட்டியலில் சேர்த்தால்தான் அந்தக் கையேடு கண்ணில் படும். டாக்கர் படங்களிலும் உபுண்டுவின் மினிமல் நிறுவலிலும் இடம் மிச்சம் பிடிக்க மேன் பக்கங்களையே கழற்றிவிடுவார்கள். 'மேன்' வேலை செய்யவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

தருகிறவர்களிடமே கேட்பது

இரண்டாவது படி, அந்த மென்பொருளை உருவாக்கியவர்களே முழுக் கட்டாகத் தருகிறார்களா என்று பார்ப்பது. தளத்தின் அடியிலோ ஓரத்திலோ 'டவுன்லோட்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். பைதான் ஒவ்வொரு பதிப்புக்கும் வலைப்பக்கக் கட்டு, இ-பப், வெறும் உரை என்று பல வடிவில் தருகிறது. போஸ்ட்கிரெஸ்குவெல் முழுக் கையேட்டையும் ஏ4 பிடிஎஃப் ஆகத் தருகிறது. ஏறத்தாழ 3,000 பக்கம், ஆனால் மொபைல் டேட்டாவில் ஒரு நாள் ஒதுக்கீட்டில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். மைஎஸ்குவெல், எஸ்குவெலைட், பிஎச்பி, ஜாவா, ஜாங்கோ, பாண்டாஸ் எல்லாவற்றுக்கும் இப்படிக் கட்டுகள் உண்டு. பாஷ், எமாக்ஸ் போன்ற க்னூ நிரல்களின் கையேடுகளை ஒரே நீண்ட பக்கமாகவும் எடுக்கலாம். தேடுவதற்கு அதைவிட வசதி எதுவும் இல்லை. 'ரீட் த டாக்ஸ்' தளத்தில் தங்கியிருக்கும் ஆவணங்களில் மூலையில் உள்ள பதிப்புப் பட்டியலைத் திறந்தால், திட்டக்காரர்கள் அனுமதித்திருக்கும் பட்சத்தில் பிடிஎஃப், இ-பப், ஜிப் மூன்றும் தெரியும். மைக்ரோசாஃப்ட் லேர்ன் பக்கங்களில் பொருளடக்கத்தின் அடியில் பிடிஎஃப் ஆக இறக்கும் பொத்தான் இருக்கிறது.

எந்த வடிவம் நல்லது என்று கேட்பார்கள். வேலைக்கு வலைப்பக்கக் கட்டு, ரயிலில் படிக்க இ-பப், அச்சடிக்க மட்டும் பிடிஎஃப். பிடிஎஃபிலிருந்து பைதான் நிரலை நகலெடுத்து ஒட்டினால் வரி முன்னிடம் குலைந்துவிடும், பைதானில் முன்னிடம்தான் இலக்கணம். இதற்காக ஓர் இரவு முழுக்க விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜிப்பை இறக்கியபின் செய்யும் தவறு ஒன்றைப் பத்தில் எட்டு பேரிடம் பார்க்கிறேன். விண்டோஸில் ஜிப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து, உள்ளேயிருந்தபடியே முதல் பக்கத்தைத் திறப்பார்கள். அந்த ஒரு பக்கம் மட்டும் அழகில்லாமல் திறக்கும், இணைப்புகள் எதுவும் போகாது. கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார்கள். முதலில் முழுவதையும் பிரித்து ஒரு கோப்புறையில் போடுங்கள், பிறகு திறங்கள். பிஎச்பி போன்றவை தரும் சிஎச்எம் வகைக் கோப்பு திறந்தும் வெள்ளைப் பக்கமாகவே இருந்தால், அதன் மேல் வலச்சொடுக்கி பிராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' என்பதைக் குறியிடுங்கள். இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் தடுத்து வைத்திருக்கும்.

பைதான் கட்டில் உள்ள தேடல் பெட்டி இணையம் இல்லாமலே வேலை செய்யும். வேறு சில ஆவணங்களில் பக்கம் திறக்கும், தேடல் மட்டும் ஊமையாக இருக்கும். அந்தக் கோப்புறைக்குள் போய்ப் பைதானோடு வரும் சிறிய எச்டிடிபி சர்வரை ஓட்டி, அதன் வழியாகத் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆவணம் ஏதாவது வெளித் தேடல் சேவையை நம்பியிருந்தால் இதுவும் உதவாது; அப்போது கிரெப் கட்டளைதான் துணை.

திரட்டித் தரும் கருவிகள்

பத்துப் பதினைந்து ஆவணங்களைத் தனித்தனியாகப் பராமரிப்பது அலுப்பு என்றால் ஸீல் என்ற கட்டற்ற நிரலை நிறுவுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். மேக்கில் உள்ள டேஷ் என்ற கட்டண நிரலுக்காகக் கட்டிய ஆவணத் தொகுதிகளையே இதுவும் பயன்படுத்துகிறது. வேண்டியதைப் பட்டியலில் தேர்ந்தெடுத்து இறக்கிவிட்டால் எல்லாம் ஒரே சன்னலில். 'பைதான்' என்று எழுதி முக்காற்புள்ளி போட்டுத் தேடினால் அந்த மொழிக்குள் மட்டும் தேடும். எனக்குப் பிடித்தது இதுதான்.

டெவ்டாக்ஸ் என்ற தளம் நிறுவாமலே வேலை செய்யும். திபோ குரூபுல் என்பவர் தொடங்கியது, இப்போது ஃப்ரீகோட்கேம்ப் பராமரிக்கிறது. 'ஆஃப்லைன் டேட்டா' பகுதிக்குள் போய் ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே 'இன்ஸ்டால்' அழுத்த வேண்டும். பட்டியலில் டிக் வைத்தால் மட்டும் போதாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கரன்ட் போன பிறகுதான் தெரியும். ஆவணம் அந்த பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கும். யாராவது பிரவுசரைச் சுத்தம் செய்கிறேன் என்று தளத் தரவை அழித்தால் அதுவும் போய்விடும். இன்னொன்று, இது குறிப்புப் பகுதிக்கே முதலிடம் தருகிறது. பாடப் பகுதி சிலவற்றில் விடுபட்டிருக்கும். துணைக்கு நல்லது, இதை மட்டும் நம்பாதீர்கள்.

கையேட்டில் விடை இல்லாத கேள்விகளுக்கு கிவிக்ஸ். 2007இல் விக்கிப்பீடியாவை இணையம் இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோகத் தொடங்கிய திட்டம் இது. ஸிம் என்ற ஒற்றைக் கோப்பில் ஒரு தளத்தையே சுருக்கி வைப்பார்கள். தமிழ் விக்கிப்பீடியாவும் கிடைக்கும், நிரலர்கள் கேள்வி கேட்டு விடை பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் கிடைக்கும். பின்னது பல பத்து ஜிபி வரும். உபுண்டு, யூனிக்ஸ் கேள்விகளுக்கென்று தனித்தனியாக உள்ள சிறிய கோப்புகளோடு தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு போனிலும் கிவிக்ஸ் ஓடும்.

பென்டிரைவில் நகலெடுக்கும்போது பெரிய கோப்பு மட்டும் போக மறுத்தால் பென்டிரைவைக் குறைசொல்லாதீர்கள். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வைக்க முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் ஏறிவிடும். பெரிய கோப்புகளின் அருகில் ஷா-256 என்று நீண்ட எண் கொடுத்திருந்தால், இறக்கிய கோப்பின் எண்ணோடு ஒப்பிடுங்கள். அறுந்து அறுந்து வந்த இணைப்பில் இறக்கியதை அப்படியே நம்ப வேண்டாம்.

இவை எதுவும் கைகொடுக்காதபோதுதான் தளத்தையே நகலெடுக்கும் விகெட், எச்டிட்ராக் போன்ற கருவிகளைத் தொடவேண்டும். பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆவணப் பகுதிக்கு மேலே ஏறக்கூடாது, பக்கத்துக்குத் தேவையான படங்களையும் எடு, இணைப்புகளை உள்ளூர் முகவரியாக மாற்று, ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையே ஓரிரு விநாடி காத்திரு என்ற நான்கு கட்டளைகளையும் சேர்த்தே கொடுங்கள். முதலாவதை விட்டால் தளம் முழுக்க வந்து டிஸ்க் நிரம்பும். நான்காவதை விட்டால், தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய சர்வரை நாம் திணறடிப்போம். ஜாவாஸ்கிரிப்டால் பக்கத்தை அந்தந்த நேரத்தில் கட்டும் தளங்களை இந்த முறையில் எடுத்தால் வெற்றுச் சட்டகம்தான் மிஞ்சும். அவற்றின் மூல ஆவணம் பெரும்பாலும் கிட்ஹப்பில் மார்க்டவுன் உரையாக இருக்கும். அந்தக் களஞ்சியத்தை அப்படியே இறக்கிப் படிப்பது நல்லது.

தமிழில் இருப்பவை

ஆங்கிலக் கையேட்டின் முன் உட்கார்ந்து தயங்கும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு இது. 2012இல் தொடங்கிய கணியம் இதழும், பின்னர் அதிலிருந்து வளர்ந்த கணியம் அறக்கட்டளையும் மென்பொருள் நூல்களைத் தமிழில் பிடிஎஃப், இ-பப் வடிவங்களில் இலவசமாகத் தருகின்றன. து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்குவெல்', 'எளிய தமிழில் க்னூ லினக்ஸ்' இரண்டும் போனில் இருக்க வேண்டியவை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவை என்பதால் நண்பருக்கு நகல் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். இவை முழுக் குறிப்பேட்டுக்கு ஈடாகா. ஆனால் தமிழில் ஒருமுறை கருத்து பிடிபட்டவர் ஆங்கிலக் குறிப்பேட்டில் தேடும் வேகமே வேறு.

நகல் கொடுக்கும் வழக்கம் நமக்குப் பழையது. சென்னை ரிச்சி தெருவில் சிடி வாங்கிய தலைமுறைக்குத் தெரியும், ஒரு மாத இதழோடு வரும் வட்டு தெருவில் உள்ள அத்தனை கணினிகளையும் சுற்றி வரும். அந்தப் பழக்கத்தை மீட்டெடுக்கலாம். நிரல் தொகுப்புகளுக்கும் இதே வழி உண்டு: இணையம் இல்லாத டெபியன் கணினிக்கு என்ன தேவை என்று பட்டியலெடுத்து, இணையம் உள்ள வேறொரு கணினியில் இறக்கி எடுத்துவரும் ஏப்டி-ஆஃப்லைன் என்ற கருவியை எழுதியவர் ரித்தேஷ் ராஜ் சராஃப், ஓர் இந்தியர்.

மிக்ஜாமின்போது என் வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் கிவிக்ஸ் சர்வரை ஓட்டி, ஒரு வைஃபை ரூட்டரையும் இன்வெர்ட்டரில் இணைத்து வைத்திருந்தேன். ரூட்டருக்கு வெளி இணைப்பு இல்லை. அதைப் பற்றிக் கவலையும் இல்லை. தெருப்பிள்ளைகள் ஐந்தாறு பேர் போனோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து படித்தார்கள். செலவு, இரண்டு மாதம் முன்பு டிஸ்கில் ஏற்றிவைத்த நேரம் மட்டும். திருக்கழுக்குன்றத்திலோ கேளம்பாக்கத்திலோ ஒரு கிளை நூலகத்தில் இதே ஏற்பாட்டை வைத்தால் எத்தனை பேருக்குப் பயன்படும் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நூலகர்கள் யாரேனும் முன்வந்தால் டிஸ்கை நிரப்பித் தர நான் தயார்.

அறுத்துப் பார்த்தல்

இறக்கி முடித்த அன்றே வைஃபையை அணையுங்கள். மொபைல் டேட்டாவை அணையுங்கள். கணினியை நிறுத்தி மறுபடி எழுப்புங்கள். என் முப்பது டேப்கள் காணாமல் போனது இந்த இடத்தில்தான். பிறகு நேற்று இணையத்தில் தேடிய மூன்று விஷயங்களை இந்தக் கட்டில் தேடுங்கள். உள்ளே நான்கைந்து அடுக்குத் தள்ளியுள்ள ஒரு பக்கத்துக்குப் போய் அங்கிருந்து வேறொரு பகுதிக்குத் தாவிப் பாருங்கள். ஒரு படத்தைத் திறங்கள். எங்கே நின்றுபோகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, இணையத்தை மறுபடி இணைத்து அதை மட்டும் இறக்குங்கள். அரை மணி நேர வேலை. ஆண்டுக்கு இரண்டு முறை செய்தால் போதும்: மென்பொருளைப் புதுப்பிக்கும்போது ஒன்று, புரட்டாசி முடிவதற்குள் ஒன்று.

சிறுசேரியிலும் மகேந்திரா சிட்டியிலும் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிரலுக்கு ஆவணம் எழுதும்போது, முழுவதையும் ஒரே ஜிப்பாக இறக்கும் இணைப்பு ஒன்றை, பதிப்பு எண்ணோடு, முதல் பக்கத்திலேயே வையுங்கள்.